எங்கள் வீட்டில் மிச்ச அறை இருக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு ஐயா எழுதிய கடிதத்தை வாசித்தேன். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போன பிறகும் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் மூன்று அறை வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுடைய வாடகையை வரி கட்டுகிறவர்கள் சுமக்கிறார்கள், வாடகைக்கு அரசாங்கம் தரும் உதவிக் காசான ஹவுசிங் பெனிபிட்டை வெட்டியது நல்ல வேலை, இன்னும் வெட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஐயாவோடு சண்டை பிடிக்க நான் வரவில்லை. அவரும் இரவு பகலாக வேலை செய்து மோர்ட்கேஜ் கட்டுகிறவராக இருக்கலாம். ஆனால் அந்த வெட்டு விழுந்த வீடு ஒன்றில் நான் குடியிருந்தவள். அங்கே என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

எனக்குச் சொந்த ஊர் சாவகச்சேரிப் பக்கம். கணவர் 1989இல் லண்டனுக்கு வந்தார். நான் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு 1991இல் வந்தேன். மகள் இங்கே பிறந்தவள். இவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை, நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. 1998இல் கிழக்கு லண்டனில் எங்களுக்கு ஒரு கவுன்சில் ஃபிளாட் கிடைத்தது. முதலாம் மாடி, மூன்று அறை. அப்போது அதில் ஒரு அறைகூட மிச்சம் இல்லை.

2011இல் இவருடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. நெடுநாள் சர்க்கரை வருத்தம். அடுத்த வருடம் வீட்டிலேயே டயலிசிஸ் தொடங்கினார்கள், வயிற்றில் குழாய் வைத்து இரவு முழுக்க மெஷினால் செய்யும் முறை. மகன் அதற்கு முன்பே வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போய்விட்டான். அவன் படுத்த சின்ன அறைதான் இவருடைய டயலிசிஸ் அறையானது.

அந்த அறையைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். சுவரோடு ஒரு ஒற்றைக் கட்டில். பக்கத்தில் மேசை, அதன் மேல் மெஷின். மற்றச் சுவர் முழுக்கப் பெட்டிகள். டயலிசிஸ் தண்ணீர்ப் பைகள் அடைத்த அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை லொறியில் இருபது பெட்டியளவில் வரும். அதைக் கொண்டுவரும் ஆபிரிக்கத் தம்பி, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் படி ஏறி வருவார். யன்னல் உயரத்துக்கு அடுக்கி வைப்போம். இரவு ஒன்பது மணிக்கு யன்னலைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, முழங்கை வரை கை கழுவி, முகமூடி போட்டுக்கொண்டு நான் குழாயைப் பொருத்த வேண்டும். தூசி போனால் வயிற்றுக்குள் கிருமி பிடித்துவிடும் என்று நர்ஸ் பத்துத் தடவை சொல்லியிருந்தார். நித்திரையில் இவர் திரும்பிப் படுத்துக் குழாய் மடங்கினால் மெஷின் கத்தும். நான் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்தபடிதான் படுப்பேன். மூன்றாவது அறை மகளுடையது. அவளுக்கு அப்போது 19 வயது, யூனிவர்சிட்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மூன்று பேர், மூன்று அறை, மூன்று கட்டில்.

2013 மாசி மாதம் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருக்கிறதாம், ஏப்ரல் 1 முதல் ஹவுசிங் பெனிபிட்டில் 14 வீதம் குறையுமாம். இரண்டு அறையோ அதற்கு மேலோ மிச்சமாக இருந்தால் 25 வீதம். 2012இல் கொண்டுவந்த சட்டத்தின்படி அரசாங்கம் செய்த மாற்றம் இது. அரசாங்கம் ஒரு பெயர் வைத்தது, சனங்கள் 'பெட்ரூம் டாக்ஸ்' என்றார்கள். கணவன் மனைவிக்கு ஒரு அறை. 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. 10 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் ஆணோ பெண்ணோ ஒரே அறை. 16 வயது வரை, இரண்டும் ஆண் என்றாலோ இரண்டும் பெண் என்றாலோ ஒரே அறை. நாங்கள் கணவன் மனைவி, அதோடு மகள். எனவே எங்களுக்கு இரண்டு அறைதான் கணக்கு.

நான் ஃபோன் எடுத்தேன். மறுபக்கம் கதைத்த பெண் நல்ல மாதிரி. மெஷினைச் சொன்னேன், பெட்டிகளைச் சொன்னேன், இவரோடு ஒரே அறையில் படுக்க முடியாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து இரவில் தங்கிப் பார்த்தால் அவருக்கு ஒரு அறை கொடுக்கலாம். மனைவி பார்த்தால் கொடுக்க இடமில்லை" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டத்தில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தார்.

எங்கள் வாடகை கிழமைக்கு 110 பவுண். அதில் 14 வீதம் 15 பவுண் 40 பென்ஸ். வருடத்துக்கு 800 பவுண். இவரைப் பார்க்க நான் வேலையை விட்டிருந்தேன். அதற்குக் கிடைத்த கேரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 59 பவுண் 75 பென்ஸ். அதில் கால்வாசி அந்த அறைக்கே போனது. டயலிசிஸ் செய்கிறவருக்கு உடம்பில் புரதம் குறையும், மீனும் முட்டை வெள்ளையும் கட்டாயம் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த வருடம் மீன் ஒரு ஆளுக்கு மட்டும் வாங்கப் பழகினேன். இவருக்குத் தெரியாமல் இருக்க, நானும் மகளும் முதலே சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்வோம். மகள் சனி ஞாயிறில் சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போனாள். சோதனைக் காலத்திலும் போனாள். அவளுடைய முகத்தை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

கஷ்டப்படுகிறவர்களுக்குக் கவுன்சில் தனியாக ஒரு உதவி கொடுக்கலாம் என்று இருந்தது. நாங்களும் போட்டோம். கனத்த ஃபோம். சிகரெட்டுக்கு எவ்வளவு, டிவிக்கு எவ்வளவு, நாய் பூனை இருக்கிறதா என்றெல்லாம் கேள்வி. வருத்தக்காரருக்கென்று இவருக்குக் கிடைத்த அலவன்ஸையும் வருமானமாகச் சேர்த்துப் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு மட்டும் தந்தார்கள். மூன்று மாதம் முடிய மறுபடி அதே ஃபோம். வருத்தக்காரரின் பராமரிப்புக்கென்று கொடுக்கும் காசை இப்படி வருமானத்தில் சேர்த்து உதவியைக் குறைப்பது சட்டப்படி பிழை என்று 2015 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது. அது இங்கிலாந்தின் வேறொரு பக்கத்துக் கவுன்சில் மேல் போட்ட வழக்கு. அதைப் பற்றி நான் அறிந்தபோது எங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

சின்ன வீட்டுக்கு மாறவேண்டியதுதானே என்று அந்த ஐயா கேட்கிறார். மாறத் தயாராகத்தான் இருந்தோம். பட்டியலில் பெயர் கொடுத்தோம். ஒவ்வொரு கிழமையும் கொம்பியூட்டரில் 'பிட்' போடுவாள் மகள், அதாவது காலியாகும் வீட்டை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பதிவாள். இரண்டு அறை வீடு ஒரு கிழமைக்கு இரண்டோ மூன்றோ வரும். எங்களுடைய இடம் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒருமுறை கிடைத்தது, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. அந்தத் தம்பி இருபது பெட்டியை எப்படி ஏற்றுவார்? அப்புறம் இரண்டு அறைக்கு மாறினாலும் மெஷினையும் பெட்டிகளையும் எங்கே வைப்பது? இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

இவர் 2015 ஆனி மாதம் போய்விட்டார். அடுத்த வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடல் வருத்தத்தால் ஒரே அறையில் படுக்க முடியாத கணவன் மனைவிக்கு ஒரு அறையை மிச்சம் என்று கணக்குப் பார்த்துக் காசு வெட்டியது பாரபட்சம் என்று. மாற்றுத்திறனாளிப் பேரப்பிள்ளையை வைத்துப் பார்க்கும், இரவில் பராமரிப்பாளர் தங்க வேண்டிய ஒரு குடும்பமும் அதே தீர்ப்பில் வென்றது. 2017 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்களுக்கு அது 17 மாதம் பிந்தி வந்த நீதி. அந்தச் செய்தியை இரவு டிவியில் கேட்டுவிட்டு நான் போய் அந்த அறையில் கொஞ்ச நேரம் இருந்தேன். பெட்டிகளை ஆஸ்பத்திரிக்காரர் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் பெட்டி உரசிய கோடு மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வெட்டைத் தொடங்கும்போது அரசாங்கமே போட்ட கணக்கின்படி 660,000 வீடுகள் பாதிக்கப்படும், சராசரியாக ஒரு வீட்டுக்குக் கிழமைக்கு 14 பவுண் குறையும். அந்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் உடல் இயலாத ஒருவர் இருந்தார். இதை மறைத்துச் செய்யவில்லை, தெரிந்துதான் செய்தார்கள். ஐ.நா.வின் வீட்டுவசதிச் சிறப்பு அறிக்கையாளர் ராக்கெல் ரோல்னிக் 2013இல் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இதை நிறுத்தி வையுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. ஸ்கொட்லாந்து அரசாங்கம் மட்டும் அந்தக் குறைவைத் தன் காசில் நிரப்பியது, வட அயர்லாந்திலும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. கிளாஸ்கோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகளுக்கும் ஒரு அறை மிச்சக் கணக்கில்தான் இருக்கிறது. அவள் அதற்காக ஒரு பென்ஸும் கட்டவில்லை. ஒரே நாடு, ஒரே சட்டம், அவள் வீட்டில் மூன்று பேருக்கும் மீன் பொரிந்தது.

எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு மாமியின் கதையையும் சொல்ல வேண்டும். கணவரை ஊரில் இழந்து, மகனோடு 1993இல் வந்தவர். முதுகு வருத்தம், வேலைக்குப் போக முடியாது. 1995இலிருந்து ஒரே இரண்டு அறை ஃபிளாட், ஒரே பெனிபிட், ஒரு நாளும் இடையில் நிற்கவில்லை. மகன் போனபின் 14 வீதம் வெட்டினார்கள். வாடகைப் பாக்கி ஏறிக் கோர்ட் என்று கடிதம் வர, பயந்துபோய் கையிலிருந்த இரண்டு காப்பையும் கிரீன் ஸ்ட்ரீட் நகைக்கடையில் விற்றுவிட்டுக் கட்டினார். 2014 தை மாதம்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. 1996 ஜனவரி 1க்கு முன்பிருந்து அதே வீட்டில், இடைவிடாமல் ஹவுசிங் பெனிபிட் எடுப்பவர்களுக்கு இந்த வெட்டு பொருந்தாது என்று பழைய சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருந்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நான் மாமியைக் கூட்டிக்கொண்டு ஆலோசனை நிலையத்துக்குப் போனேன், வெட்டிய காசெல்லாம் அவருடைய வாடகைக் கணக்குக்குத் திரும்பி வந்தது. ஆனால் அரசாங்கம் 2014 மார்ச் 3 அன்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அடுத்த கிழமையே வெட்டு மறுபடி தொடங்கியது. காப்பு போனது போனதுதான். அவருடைய தாய் தந்த காப்பு அது.

அந்த ஐயா வரி கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார். சரி, காசைப் பற்றியே கதைப்போம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வேறொரு கவுன்சிலின் வாடகைப் பகுதியில் வேலை செய்தவள். அவள் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மாமி, முந்தி பெனிபிட் காசு நேரே வாடகைக் கணக்கில் விழுந்துவிடும். எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கிழமைக்கு 12 பவுண், 15 பவுண் என்று நாங்கள் கேட்டுத் திரிய வேண்டும். ஒரு கடிதம், இரண்டாம் கடிதம், ஃபோன், வீட்டுக்குப் போய்க் கதவு தட்டுவது, கடைசியில் கோர்ட் காசு. 15 பவுணை எடுக்க அதைவிடக் கூடச் செலவாகிறது." அவள் கதவு தட்டிய வீடுகளில் பாதி எங்கள் வீடு மாதிரித்தானாம். இல்லாதவரிடம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் அவள் பிறகு வேலை மாறிவிட்டாள்.

அரசாங்கம் தானே செய்வித்த ஆய்வு 2014இல் வந்தது. வெட்டு வந்து ஐந்து மாதத்தில் குறைவை முழுதாகக் கட்டக்கூடியதாக இருந்தவர்கள் 41 வீதம். ஐந்தில் ஒருவர் ஒன்றுமே கட்டவில்லை. முதல் ஆறு மாதத்தில் கவுன்சில் வீடுகளுக்கும், கவுன்சில் போலக் குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் வீட்டுச் சங்க வீடுகளுக்கும் உள்ளேயே சின்ன வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 வீதம். இருபது பேரில் ஒருவர்கூட இல்லை. பெரிய வீடுகளை விடுவிக்கத்தான் இதைச் செய்கிறோம் என்றவர்கள் இந்த இலக்கத்தைப் பார்த்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் பாக்கி எங்கே போய் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கவுன்சில் வீடுகளின் வாடகைக் காசு தனிக் கணக்கில் போகிறது. 2012இலிருந்து அந்தக் கணக்கைக் கவுன்சிலே தன் வருமானத்தில் நடத்த வேண்டும். லிஃப்ட் திருத்துவதும், ஈரம் பிடித்துப் பூஞ்சணம் படர்ந்த சுவரைத் திருத்துவதும் அந்தக் காசில்தான். போதாததற்கு 2016இலிருந்து நான்கு வருடம் வாடகையை வருடத்துக்கு ஒரு வீதம் குறைக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. எனக்கும் அப்போது அது நல்ல விஷயமாகத்தான் பட்டது. ஆனால் முழு பெனிபிட் எடுப்பவருக்கு அதில் ஒரு சதமும் மிஞ்சாது, மிச்சம் பிடித்தது அரசாங்கத்தின் பெனிபிட் செலவு. குறைந்தது கவுன்சிலின் திருத்த வேலைக் காசு. அந்தத் தம்பி தோளில் பெட்டி சுமந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

பிறகு ஹவுசிங் பெனிபிட்டையும் வேறு சில உதவிகளையும் ஒன்றாகச் சேர்த்த யுனிவர்சல் கிரெடிட் வந்தது. வாடகைக் காசை மாதம் ஒருமுறை குடியிருப்பவர் கையிலேயே கொடுக்கிறார்கள். முதல் காசு வர ஐந்து கிழமை, தொடக்கத்தில் ஆறு கிழமை. வாடகையோ கிழமைக் கணக்கு. புதிதாகப் போகும் பலருக்குத் தொடக்கத்திலேயே வாடகைப் பாக்கி. நான் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பின் அறையில் இருந்து ஃபோம் நிரப்பிக் கொடுக்கிறேன். வரும் பத்துப் பேரில் ஏழு பேர் கையில் வாடகைப் பாக்கிக் கடிதம்.

அங்கே கண்ட ஒன்று. தாயும் மகளுமாக ஒரு இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். மகளுக்கு 52 வயது, கல்யாணம் செய்யவில்லை, தாயைப் பார்ப்பதே அவளுடைய வாழ்க்கை. 2022இல் தாய் காலமானார். பழைய ஹவுசிங் பெனிபிட்டில் வீட்டில் ஒருவர் இறந்தால் 52 கிழமைக்கு ஒன்றையும் குறைக்க மாட்டார்கள். அதாவது ஆட்டத்திவசம் வரைக்கும் விட்டுவிடுவார்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் அது மூன்று மாதம் அளவில்தான். தாயைப் பார்த்ததற்கான அலவன்ஸ் எட்டுக் கிழமையில் நின்றது. அந்தியேட்டிக்கு வாங்கிய கடனே முடியாத நேரத்தில், தாயின் கட்டில் கிடந்த அறை மிச்ச அறை என்று 14 வீதம் வெட்டினார்கள். அவள் என் முன்னால் இருந்து அழவில்லை. அம்மாவின் உடுப்புகளை என்ன செய்வது என்றுதான் கேட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் இரண்டு பிள்ளைகளின் குடும்பம் பிரைவேட் வாடகை வீட்டில் இருந்தது. அங்கே பெனிபிட் எவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவை 2020இல் கூட்டிவிட்டு நான்கு வருடம் அசையாமல் வைத்திருந்தார்கள். 2024இல் ஒருமுறை கூட்டிவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். வாடகை நிற்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். கவுன்சில் அவர்களை ஒரு ஹோட்டல் அறையில் வைத்தது. நாலு பேருக்கு இரண்டு கட்டில். சமைக்க விடமாட்டார்கள், கேத்தில் மட்டும் வைத்திருக்கலாம். அந்தக் கேத்திலில் முட்டை அவித்துத்தான் தாய் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். சின்னவன் என்னிடம் தமிழ்ப் பாடக் கொப்பியைக் காட்டினான், எழுத்தெல்லாம் கோணல். கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதினேன் என்றான்.

இந்த ஹோட்டல் காசைக் கட்டுவது கவுன்சில். வீடில்லாதவர்களுக்கு இப்படித் தற்காலிகமாக இடம் கொடுத்தால் அரசாங்கம் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகை இன்னும் 2011 ஜனவரி அளவிலேயே நிற்கிறது. ஃபிளாட் மாதிரித் தனி வீடு என்றால் அந்த 2011 அளவிலும் 90 வீதம்தான். மிச்சமெல்லாம் கவுன்சிலின் தலையில். 2024 மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் 117,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படித் தற்காலிக இடங்களில் இருந்தன. 2023-24இல் அதற்குக் கவுன்சில்கள் செலவழித்தது கிட்டத்தட்ட 2.3 பில்லியன் பவுண். லண்டன் கவுன்சில்கள் மட்டும் ஒரு நாளைக்கு 4 மில்லியன் செலவழித்தன. இதுவும் அந்த ஐயாவின் வரிக் காசுதான். எங்களிடம் கிழமைக்கு 15 பவுணை வெட்டி எடுத்த அதே அரசாங்கத்தின் முடிவுகள்தான் இந்தச் செலவையும் வளர்த்தன. வாசிகசாலைகளும் முதியோர் பகல் நிலையங்களும் ஏன் மூடுகின்றன என்று கேட்பவர்கள் இந்தத் தொகையையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு அறை வீட்டில் நாலு பிள்ளைகளோடு நெருங்கிக்கொண்டு இருக்கின்றன. பெரிய வீடு அவர்களுக்குத்தான் வேண்டும். இதில் அந்த ஐயாவும் நானும் ஒரே பக்கம். ஆனால் அதற்கு முதலில் சின்ன வீடு வேண்டாமா? 1980இலிருந்து கவுன்சில் வீடுகளை விற்றுக்கொண்டே வந்து, விற்ற அளவுக்குத் திருப்பிக் கட்டாமல் விட்டுவிட்டு, இல்லாத சின்ன வீட்டுக்குப் போகவில்லை என்று தண்டனை போட்டார்கள். என் மகள் 2017இல் கல்யாணம் முடித்துப் போனாள். நான் தனி ஆள், மூன்று அறை, 25 வீதம் வெட்டு. அப்போதும் பிட் போட்டுக்கொண்டே இருந்தேன். 2018இல் ஒரு முதியவர் இறந்து, அவருடைய ஒரு அறை ஃபிளாட் காலியானது. அடுத்த மாதமே மாறினேன். என் பழைய வீட்டில் இப்போது ஒரு வங்காளிக் குடும்பம், நாலு பிள்ளைகள். டயலிசிஸ் அறை யன்னலில் இப்போது கார்ட்டூன் படம் ஒட்டியிருக்கிறது. கடைக்குப் போகும்போது நிமிர்ந்து பார்ப்பேன், மனதுக்கு நன்றாக இருக்கும். அந்தச் சின்ன ஃபிளாட் 2013இல் இருந்திருந்தாலும் இவருடைய மெஷினோடு எங்களால் அங்கே போயிருக்க முடியாது, அது வேறு. ஆனால் மிச்சமாக அறை வைத்திருக்கும் மற்றவர்கள் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

கடைசியாக எங்கள் ஆட்களுக்கென்றே இரண்டு விஷயம், ஆசிரியர் ஐயா, இதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியம். எங்கள் குடும்பங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் எட்டுப் பத்து வயது வித்தியாசம் சாதாரணம். ஓய்வூதிய வயது வந்தவர்களுக்குப் படுக்கையறை வெட்டு இல்லை. ஆனால் 2019 மே 15இலிருந்து, புதிதாகக் கேட்கும் தம்பதியில் ஒருவர் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை என்றால் இரண்டு பேரும் யுனிவர்சல் கிரெடிட்டுக்குத்தான் போக வேண்டும், வெட்டும் வரும். அதற்கு முன்பிருந்தே வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டோ ஓய்வூதிய வயதுக்கான ஹவுசிங் பெனிபிட்டோ இடைவிடாமல் எடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அது முறிந்தால் திரும்ப வராது. முறிவது எப்படி என்று கேட்கிறீர்களா? ஊருக்குப் போவதால். 2016 ஜூலைக்குப் பிறகு வெளிநாட்டில் நாலு கிழமைக்கு மேல் நின்றால் இவை நின்றுவிடும். நெருங்கிய உறவினரின் செத்தவீடு என்றால் எட்டுக் கிழமை வரை நீட்டித் தரலாம், அதையும் கேட்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்குப் போய், அப்படியே தங்கச்சி வீட்டில் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்த ஒரு ஐயாவும் அம்மாவும் இன்று யுனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறார்கள். ஐயாவுக்கு 70, அம்மாவுக்கு 60. ரிக்கெற் போடுவதற்கு முன் யாரையாவது கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

அடுத்தது, கவரை உடையுங்கள். வெட்கத்தில், பயத்தில், இங்கிலிஷ் விளங்காததில் கடிதங்களை லாச்சிக்குள் போட்டு வைக்கிறார்கள். மேல்முறையீடு செய்ய ஒரு மாதம்தான் தருகிறார்கள், அந்த மாதம் லாச்சிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் வருத்தக்காரர் இருந்து கணவன் மனைவி தனித்தனி அறையில் படுக்க வேண்டியிருந்தால், இரவில் ஒரு ஆள் வந்து தங்கிப் பார்க்க வேண்டியிருந்தால், அதை எழுத்தில் கொடுங்கள், டொக்டரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எங்களுக்கு இல்லாத உரிமை இன்று உங்களுக்கு இருக்கிறது.

சனிக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பள்ளிக்கூடத்துப் பின் அறையில் இருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் தமிழ்ப் பள்ளியில் விசாரித்தால் சொல்வார்கள். உடைக்காத கவராகவே கொண்டுவந்தாலும் பரவாயில்லை, இருந்து ஒன்றாக உடைப்போம். கடிதம் எழுதிய அந்த ஐயாவும் ஒரு சனிக்கிழமை வந்து எங்களோடு இரண்டு மணித்தியாலம் இருந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோசம். ஃபோம் நிரப்ப எப்போதும் ஆள் போதாது. தேத்தண்ணியும் வடையும் இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு வாசகி,
கிழக்கு லண்டன்